பழைய ஸ்விட்சைக் கழற்றுவதற்கு ஒரு காப்புரிமை

நெட்வொர்க்கில் இருக்கும் ஸ்விட்ச் (கணினிகளின் கேபிள்களை ஒன்றிணைக்கும் பெட்டி) போன்ற கருவிகளைக் கணக்கெடுக்க வேண்டியது, எது அதிகமாக மின்சாரம் இழுக்கிறது என்று பார்க்க வேண்டியது, அதைக் கழற்றிவிட்டுக் குறைவாக இழுக்கும் புதியதை மாட்ட வேண்டியது. இதை ஒரு கண்டுபிடிப்பு என்று சொல்லி ஒருவர் காப்புரிமை கேட்டால், சர்வர் அறையில் வேலை பார்த்த எவருக்கும் சிரிப்புதான் வரும். சரி, அந்தச் சிரிப்பைக் காப்புரிமை அலுவலகம் ஏற்கும்படியான ஒரு தாளாக மாற்றித் தாருங்கள் என்று கேட்டால் அதே ஆட்கள் திணறிப்போவார்கள். "இது எல்லாருக்கும் தெரிந்ததுதானே" என்று எழுதி அனுப்பினால் பரிசோதகரால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. எந்தத் தேதியில், எந்த ஆவணத்தில், எந்தப் பத்தியில் தெரிந்திருந்தது என்றுதான் அவர் கேட்பார்.

நான் பல வருடம் ரேக்குகளுக்கு நடுவே நெட்வொர்க் வேலை பார்த்துவிட்டு, பிறகு காப்புரிமைகளுக்கான பழைய சான்று, அதாவது கேட்பது முன்பே வெளியானதுதான் என்று காட்டும் ஆவணம், தேடும் வேலைக்கு வந்தவன். மின்சிக்கன விண்ணப்பங்கள் என்றால் எனக்குக் கொஞ்சம் கூடுதல் ஆர்வம். காப்புரிமைப் பரிசோதனை எங்கே பலமாக நிற்கிறது, எங்கே தடுமாறுகிறது என்பதை இவ்வளவு நன்றாகக் காட்டும் வகை வேறு இல்லை.

பேசுவதற்கு வசதியாக ஒரு கோரிக்கையை, அதாவது எதற்கு உரிமை வேண்டும் என்று விண்ணப்பத்தில் வரையறுக்கும் வாசகத்தை, நானே எழுதிக்கொள்கிறேன். எந்த உண்மையான விண்ணப்பத்திலிருந்தும் எடுத்ததில்லை. இந்த வகையில் வருபவை எல்லாம் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்:

"ஒரு கணினி வலையமைப்பிலுள்ள பல கருவிகளின் மின்நுகர்வை அளந்து பதிவுசெய்தல், அந்த அளவுகளை, மாற்றுக் கருவிகளின் மின்நுகர்வு விவரங்கள் அடங்கிய தரவுத்தளத்துடன் ஒப்பிடுதல், மாற்றுவதால் மிச்சமாகும் ஆற்றலைக் கணக்கிடுதல், அந்த மிச்சம் முன்பே நிர்ணயித்த வரம்பைத் தாண்டினால், அக்கருவியை மாற்றுமாறு பரிந்துரைத்தல் ஆகிய படிகளைக் கொண்ட ஒரு முறை."

விண்ணப்பத் தேதி 2009 ஜூன் என்று வைத்துக்கொள்வோம். இந்தத் தேதி பின்னால் நிறைய வேலை செய்யப்போகிறது.

இந்தக் கோரிக்கைக்கு முன்னால் வழக்கமாக முப்பது நாற்பது பக்க விளக்கம் இருக்கும். டேட்டா சென்டர்களின் மின்கட்டணம், புவி வெப்பமாதல், பெட்டிபெட்டியாகப் பாய்வுப் படங்கள். பரிசோதகர் அதையெல்லாம் படிப்பார், ஆனால் தீர்ப்பு கோரிக்கையின் சொற்களுக்குத்தான். அமெரிக்க அலுவலகத்தில் ஒவ்வொரு சொல்லுக்கும் நியாயமான அளவில் எவ்வளவு விரிவான பொருள் கொடுக்க முடியுமோ அவ்வளவு விரிவாகக் கொடுத்துப் படிப்பது வழக்கம். அப்படிப் படித்தால் "அளந்து" என்பதற்குள் ஒருவர் கிளாம்ப் மீட்டரைக் கையில் பிடித்து நிற்பதும் அடங்கும். "தரவுத்தளம்" ஓர் எக்செல் தாளாக இருக்கலாம். "பரிந்துரைத்தல்" மேலாளருக்குப் போகும் ஓர் ஈமெயிலாக இருக்கலாம். வக்கீல் வலையை எவ்வளவு அகலமாக வீசுகிறாரோ அவ்வளவு பழைய சங்கதிகளும் அதில் வந்து விழும். விண்ணப்பதாரர்கள் இதைக் கடைசிவரை நம்பமாட்டார்கள். அகலமான கோரிக்கைதான் பலமானது என்று அவர்களுக்கு ஒரு நினைப்பு.

முதல் கேள்வி, இது காப்புரிமைக்கு உரிய பொருள்தானா என்பது. அமெரிக்காவில் இதைப் பற்றிப் பேச இரண்டு பழைய வழக்குகள் போதும். 1978இல் வந்த பார்க்கர் எதிர் ஃப்ளூக் வழக்கில், ஒரு வேதி வினையைக் கண்காணித்து எச்சரிக்கை வரம்பு எண்ணைத் திருத்தும் முறைக்கு உச்ச நீதிமன்றம் காப்புரிமை மறுத்தது. கணக்கின் முடிவில் ஓர் எண்தான் மாறியது. 1981இல் வந்த டயமண்ட் எதிர் டீர் வழக்கில், ரப்பரைப் பதப்படுத்தும் அச்சில் வெப்பநிலையை விடாமல் அளந்து, அர்ரீனியஸ் சமன்பாட்டைப் போட்டு, சரியான நேரத்தில் அச்சு தானே திறக்கும் முறைக்கு அனுமதி கிடைத்தது. இரண்டிலும் கணக்கு உண்டு. இரண்டாவதில் கணக்கு முடிந்ததும் இரும்பு அசைந்தது. 2014இல் உச்ச நீதிமன்றத்தின் ஆலிஸ் தீர்ப்பு வந்த பிறகு, வெறும் கருத்தைக் கணினியில் ஏற்றிவிட்டு உரிமை கேட்பது இன்னும் கடினமாகிவிட்டது. நம் பொருளுக்கு மிக அருகில் வருவது 2016ஆம் ஆண்டின் எலக்ட்ரிக் பவர் குரூப் எதிர் ஆல்ஸ்டம் வழக்கு. மின்தொகுப்பின் பல இடங்களிலிருந்து தகவல் திரட்டி, அலசி, திரையில் காட்டும் கோரிக்கைகள் அவை. திரட்டுவதும் அலசுவதும் காட்டுவதும் மட்டும் இருந்தால் அது அருவமான கருத்துதான் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. நம் மாதிரிக் கோரிக்கை அளக்கிறது, ஒப்பிடுகிறது, பரிந்துரைக்கிறது. அதில் எந்த இரும்பும் அசையவில்லை.

அப்படியானால் "பரிந்துரைத்தல்" என்பதை எடுத்துவிட்டு "மாற்றுதல்" என்று எழுதிவிட்டால் போயிற்று என்று தோன்றும். எழுதலாம்தான். ஆனால் மென்பொருள் ஒரு நிறுவனத்துடையது, ஸ்க்ரூ டிரைவர் பிடிப்பவர் வாடிக்கையாளரின் ஆள். ஒரு முறைக் கோரிக்கையின் படிகளை வெவ்வேறு தரப்பினர் பங்குபோட்டுச் செய்தால் யார் மீது வழக்குப் போடுவது? அகமாய் எதிர் லைம்லைட் வழக்கு பல வருடம் இழுத்தது இந்தக் கேள்வியில்தான். 2014இல் உச்ச நீதிமன்றமும், 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முழு அமர்வும் அதைப் பற்றிப் பேசின. ஒருவர் இன்னொருவரின் செயலைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருந்தால் பொறுப்பு அவர் தலையில் விழலாம் என்று ஒரு வழி பிறந்தாலும், நிரூபிப்பது சுலபமில்லை. ஆக, வரைவு எழுதும் வக்கீல் பரிந்துரையோடு நின்றால் பரிசோதகர் பிடிப்பார், மாற்றும் வேலைவரை போனால் காப்புரிமை கைக்கு வந்தும் யாரையும் பிடிக்க முடியாது. இந்த வகை விண்ணப்பங்களில் கோரிக்கைகள் வளைந்து நெளிந்து போவதைப் பார்த்து எரிச்சல்படுகிறவர்கள் இந்த இக்கட்டையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

ஐரோப்பாவில் பாதை வேறு. அங்கே கணினி என்ற ஒரு சொல் இருந்தாலே பொருள் என்ற முதல் வாசலைத் தாண்டிவிடலாம். வடிகட்டல் அடுத்த கட்டத்தில் நடக்கும். ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் மேல்முறையீட்டு வாரியம் 2002இல் தந்த காம்விக் முடிவுக்குப் பிறகு, தொழில்நுட்பத் தன்மைக்கு உதவாத அம்சங்களைக் கண்டுபிடிப்பாற்றல் (எளிதில் தோன்றாத ஒன்றா என்ற) கணக்கில் சேர்ப்பதில்லை. அவற்றை நிபுணருக்கு, அதாவது சராசரித் திறமையுள்ளவராகக் கற்பனை செய்துகொள்ளும் துறை ஆளுக்கு, கொடுத்த வேலைக் குறிப்பாகவே எடுத்துக்கொள்ளலாம். எனக்கு இந்த அணுகுமுறை பிடிக்கும். "மூன்று வருடத்தில் போட்ட பணம் திரும்பினால் மாற்று" என்பது நிதித்துறையின் ஆசை, அதை நிபுணர் கையில் கொடுத்துவிடலாம். மின்நுகர்வு உண்மையிலேயே குறைந்தால் அது தொழில்நுட்ப விளைவு, அதை எப்படிக் குறைத்தார்கள் என்பதை மட்டும் எடைபோடலாம். இந்தியச் சட்டத்தின் 3(கே) பிரிவு வணிக முறையையும், கணினி நிரலை நிரலாக மட்டும் கேட்பதையும், அல்காரிதத்தையும் விலக்குகிறது. கேள்வி அங்கேயும் சுற்றிச்சுற்றி இங்கேதான் வரும்: நெட்வொர்க்கில் என்ன மாறியது?

அப்புறம் தேடல். பரிசோதகர் வகைப்பாட்டு எண்களை வைத்துத் தொடங்குவார். வலையமைப்பு என்றால் எச்04எல், மேலாண்மை, வணிகக் கணக்கு என்றால் ஜி06கியூ, தகவல் தொழில்நுட்பத்தில் ஆற்றல் சேமிப்பு என்றால் ஒய்02டி என்று ஒட்டுக்குறி. இவற்றில் கிடைப்பது பெரும்பாலும் மற்ற காப்புரிமை ஆவணங்கள். நெட்வொர்க் அட்மின்கள் காப்புரிமை எழுதுகிறவர்கள் இல்லை. அவர்கள் செய்கிற வேலை கான்ஃபிகரேஷன் கோப்பிலும், கொள்முதல் குறிப்பிலும், மறந்துபோன ஸ்கிரிப்டிலும் கிடக்கிறது. தினமும் எல்லாரும் செய்யும் ஒரு காரியத்துக்கு ஆவணச் சான்று கிடைப்பது, யாரோ ஒருவர் ஒருமுறை ஆய்வகத்தில் செய்து பார்த்ததற்குக் கிடைப்பதைவிடக் கடினம். எல்லாரும் செய்வதை யார் உட்கார்ந்து கட்டுரை எழுதுவார்கள்? பரிசோதகருக்கு ஒரு விண்ணப்பத்துக்கென்று ஒதுக்கும் நேரமும் குறைவு. "இது துறையில் பொதுவாகத் தெரிந்தது" என்று அமெரிக்கப் பரிசோதகர் தன் பொறுப்பில் எழுத வழி இருக்கிறது. விண்ணப்பதாரர் அதை முறையாக மறுத்தால் ஆதாரத்தைக் கொண்டுவந்து வைக்க வேண்டும். மறுபடி அதே தாள்தான்.

நீங்கள் உங்கள் நிறுவனத்தில் 2005இலேயே இதைச் செய்தீர்கள் என்பதும் நேராக உதவாது. பூட்டிய அறைக்குள், வெளியார் யாரும் அறிய வழியில்லாமல் நடந்ததைப் பொதுவாக முந்தைய சான்றாக எடுத்துக்கொள்வதில்லை. பொதுமக்கள் கைக்குப் போயிருக்க வேண்டும்: விற்பனைக்கு வந்த பொருளின் கையேடு, தரக்குழுவின் ஆவணம், மாநாட்டுக் கட்டுரை, வெளியிட்ட ஏல அறிக்கை. இணையப் பக்கமென்றால் எந்தத் தேதியில் அது அங்கே இருந்தது என்று காட்ட வேண்டும். பழைய இணையப் பக்கங்களைத் தேதியோடு சேமித்துவைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷின் பரிசோதகர்களுக்கும் தேடுகிறவர்களுக்கும் அன்றாடக் கருவியாகிப்போனது இதனால்தான்.

நம் மாதிரிக் கோரிக்கைக்குத் தேடினால் என்ன கிடைக்கும்? அளப்பதிலிருந்து தொடங்குவோம். நெட்வொர்க் கருவிகளிடம் தூரத்திலிருந்தே நிலவரம் கேட்கும் எஸ்என்எம்பி நெறிமுறை, ஆர்எஃப்சி எனப்படும் இணைய நெறிமுறை ஆவண வரிசையில் 1157ஆம் எண்ணாக 1990இல் வந்தது. யுபிஎஸ்சின் வெளியீட்டு மின்திறனை நெட்வொர்க் வழியே படிக்க ஆர்எஃப்சி 1628, 1994. நெட்வொர்க் கேபிள் வழியாகவே மின்சாரமும் தரும் (பவர் ஓவர் ஈதர்நெட்) ஸ்விட்ச், தான் வெளியே கொடுக்கும் வாட்டைச் சொல்வதற்கு ஆர்எஃப்சி 3621, 2003 டிசம்பர். அளப்பதில் புதுமை இல்லை. மாற்றலாமா வைத்துக்கொள்ளலாமா என்ற கணக்குக்கு கணினி நெட்வொர்க்கே தேவையில்லை. ஓர் இயந்திரத்தை இன்னொரு வருடம் ஓட்டுவதா, கழித்துவிட்டுப் புதியது வாங்குவதா என்பதை டைனமிக் புரோகிராமிங் என்ற, கட்டம் கட்டமாக முடிவெடுக்கும் கணித முறையைக் கொண்டு தீர்ப்பது பற்றிக் கணிதவியலாளர் ரிச்சர்ட் பெல்மன் 1955இலேயே எழுதிவிட்டார். ஓட்டும் செலவில் மின்சாரமும் ஒன்று. நெட்வொர்க் கருவிகளின் மின்நுகர்வைத் தனிப் பிரச்சினையாக எடுத்துப் பேசியதில் மருதி குப்தாவும் சுரேஷ் சிங்கும் 2003ஆம் ஆண்டு சிக்காம் என்ற கணினி வலையமைப்பு ஆய்வு மாநாட்டில் வாசித்த கட்டுரை பலரும் சுட்டுவது. நெட்வொர்க்கில் உள்ள கருவிகளின் மின்நுகர்வை அளந்து கட்டுப்படுத்தும் சிஸ்கோ எனர்ஜிவைஸ் 2009இன் தொடக்கத்தில் அறிவிப்பானது. நம் தேதிக்குச் சில மாதம்தான் முன்னால், ஆனாலும் முன்னால்.

ஆர்வக்கோளாறில் பலர் கொண்டுவந்து கொட்டும் இரண்டு ஆவணங்கள் இங்கே செல்லாது. போக்குவரத்து குறையும்போது டேட்டா சென்டரில் தேவையில்லாத இணைப்புகளையும் ஸ்விட்சுகளையும் அணைத்துவைக்கும் எலாஸ்டிக்ட்ரீ கட்டுரை 2010இல் வந்தது. சும்மா இருக்கும் ஈதர்நெட் இணைப்பை மின்சிக்கன நிலைக்குத் தள்ளும் 802.3ஏஇசட் தரமும் 2010தான். இரண்டும் நம் தேதிக்குப் பின்னால். தரத்தை எழுதிய குழு 2007இலேயே வேலையில் இறங்கிவிட்டதால், அதன் கூட்டங்களில் வைத்த விளக்கங்களைத் தேடிப் போகலாம். அவை வேறு ஆவணங்கள், அவற்றின் தேதியும் வேறு.

எந்த ஒரு தாளிலும் நான்கு படிகளும் மொத்தமாக இல்லையென்றால் புதுமை இல்லை என்று தள்ள முடியாது. அப்போது எளிதில் தோன்றக்கூடியதா என்ற கேள்விக்கு வர வேண்டும். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 2007ஆம் ஆண்டு கேஎஸ்ஆர் எதிர் டெலிஃபிளெக்ஸ் தீர்ப்பு, துறை நிபுணர் சாவி கொடுத்தால் ஓடும் பொம்மை இல்லை, அவருக்கும் சாதாரண அளவு படைப்புத்திறன் உண்டு என்று ஏற்றுக்கொண்டது. அதற்காக நான்கு தாள்களை ஸ்டேப்ளர் போட்டு இணைத்தால் வேலை முடிந்தது என்றாகாது. ஏன் இணைத்திருப்பார்கள் என்று காரணம் சொல்ல வேண்டும். இங்கே அது கஷ்டமில்லை. மின்கட்டணம் கட்டுகிறவருக்கு, அளந்த எண்ணும் கையேட்டில் புதிய கருவியின் எண்ணும் கிடைத்தால், ஒன்றை இன்னொன்றிலிருந்து கழிக்கக் காப்புரிமை தேவைப்படாது.

ஆகவே மாதிரிக் கோரிக்கை விழும். என் தீர்ப்பு அதுதான், தயக்கமே இல்லை. ஆனால் இந்தத் துறையில் கண்டுபிடிக்க ஒன்றுமே இல்லை என்று அதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. உண்மையில் ஒரு பழைய ஸ்விட்சை மாற்றினால் எவ்வளவு மிச்சம் என்று சொல்வது, கோரிக்கை எழுதியவர்கள் நினைப்பதைவிடக் குழப்பமானது.

ஒரு ஸ்விட்ச் பிளக்கில் 400 வாட் இழுக்கிறது என்று வையுங்கள். புதிய மாடலின் விவரத்தாள் 60 வாட் என்கிறது. மென்பொருள் 340 வாட் மிச்சம், வருடத்தின் 8760 மணி நேரத்துக்குக் கிட்டத்தட்ட 2978 யூனிட் என்று சிவப்பு விளக்குப் போடும். ஆனால் அந்த 400இல் 280 வாட் போர்ட்கள் (கேபிள் செருகும் வாய்கள்) வழியே போய் மேசைத் தொலைபேசிகளையும் கேமராக்களையும் ஓட்டிக்கொண்டிருக்கிறது. ஸ்விட்ச் தனக்கென்று எடுப்பது 120தான். புதியதை மாட்டினாலும் அந்தக் கேமராக்கள் அதே 280ஐக் கேட்கும். மின்சாரத்தை உள்ளே உருமாற்றும்போது வீணாவதைக் கணக்கில் விட்டுவிட்டால்கூட உண்மையான மிச்சம் 60 வாட், வருடத்துக்கு 526 யூனிட். ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. பிளக்கில் மட்டும் அளக்கும் எந்த முறையும் இந்தப் பள்ளத்தில் விழும்.

இது ஒன்று மட்டுமில்லை. பெரும்பாலான ஸ்விட்சுகள் சும்மா இருந்தாலும் நிறைய வேலை பார்த்தாலும் ஏறக்குறைய ஒரே அளவுதான் இழுக்கும். எனவே போக்குவரத்து குறைந்த இரண்டைப் புதிதாக மாற்றுவதைவிட, இரண்டின் கேபிள்களையும் ஒன்றில் சேர்த்துவிட்டு மற்றதை அணைப்பது லாபமாக இருக்கலாம். இரண்டு பவர் சப்ளை உள்ள பெட்டியில் ஒவ்வொன்றும் குறைந்த சுமையில் ஓடித் திறனை இழக்கும். சேமிக்கும் ஒவ்வொரு வாட்டோடும் குளிரூட்டலில் கொஞ்சம் சேர்ந்து குறையும், எவ்வளவு என்பது கட்டடத்தைப் பொறுத்தது. புதிய கருவியைத் தயாரிக்கச் செலவான ஆற்றலை எந்தக் கணக்கிலும் நான் பார்த்ததில்லை. விண்ணப்பதாரர்கள் பசுமை என்று பேசத் தொடங்கும்போது எனக்கு முதலில் தோன்றும் சந்தேகம் இது. ஆனால் இந்தச் சந்தேகம் பரிசோதகரின் வேலை இல்லை. உலகுக்கு நல்லதா என்று அவர் பார்ப்பதில்லை.

பசுமை முத்திரைக்கும் இதே கதைதான். பிரிட்டன் 2009 மே மாதம் பசுமை விண்ணப்பங்களுக்கு விரைவுப் பாதை திறந்தது. அமெரிக்கா அதே ஆண்டு டிசம்பரில் ஒரு சோதனைத் திட்டம் தொடங்கி 2012 வரை நடத்தியது. வரிசையில் முன்னால் போகலாம், அவ்வளவுதான். கேள்வித்தாள் மாறாது.

வெளியிலிருந்து உதவ நினைக்கும் பொறியாளர்களுக்கு வழிகள் இருக்கின்றன, பலருக்குத் தெரிவதில்லை. விண்ணப்பங்கள் பொதுவாக 18 மாதத்தில் வெளியாகும். ஐரோப்பிய ஒப்பந்தத்தின் 115ஆம் பிரிவின்படி, அதன் பிறகு யாரும், பெயர் சொல்லாமலும், கட்டணமின்றிக் கருத்து அனுப்பலாம். அமெரிக்காவில் 2007இல், பொதுமக்களே பழைய சான்றுகளைத் தேடித் தரும் பியர்-டு-பேட்டன்ட் என்ற சோதனை தொடங்கியது. 2012 செப்டம்பர் முதல் மூன்றாம் தரப்பு ஆவணம் கொடுப்பதற்குச் சட்டத்திலேயே இடம் வந்தது, ஆனால் கெடு உண்டு. இந்தியாவில் 25(1) பிரிவின் கீழ் உரிமை வழங்கும் முன் எந்த நபரும் எதிர்க்கலாம். எந்த வாசலானாலும் கோபத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போவது நல்லது. கோரிக்கையின் முதல் படிக்கு இந்த ஆவணத்தின் இந்தப் பத்தி, இரண்டாவதற்கு இது என்று ஓர் அட்டவணை போட்டால் போதும். ஐம்பது ஆவணம் அனுப்புகிறவரைவிட, மூன்று அனுப்பிச் சரியான வரியைக் காட்டுகிறவருக்குப் பரிசோதகர் நன்றியோடு இருப்பார்.

முதல் நிராகரிப்புக்குப் பிறகு விண்ணப்பதாரர் கோரிக்கையைச் சுருக்கிக்கொண்டு திரும்பி வருவார். நம் ஆள் கெட்டிக்காரராக இருந்து, விளக்கத்தின் முப்பதாவது பக்கத்தில் உண்மையான சரக்கும் இருந்தால் இப்படி வரலாம்: போர்ட் வாரியாக வெளியே போகும் வாட்டைப் படித்து மொத்தத்தில் கழிக்கிறது, மிஞ்சியதை வைத்து எந்த ஸ்விட்சின் சுமையை எங்கே நகர்த்தலாம் என்று முடிவுசெய்கிறது, மாற்று இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று சோதிக்கிறது, சோதனை தேறினால் மட்டும் பழைய ஸ்விட்சுக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்பாட்டு அமைப்பே துண்டிக்கிறது. இப்போது டீர் வழக்கின் அச்சுபோல ஏதோ ஒன்று உண்மையில் அசைகிறது. படிகள் எல்லாவற்றையும் ஒரே தரப்பின் கருவி செய்வதால் அகமாய்ச் சிக்கலும் இல்லை. பெல்மனும் ஆர்எஃப்சி 1157ம் இதைத் தொடாது. ஆர்எஃப்சி 3621 முதல் படியின் பாதியைத் தொடும். மீதிக்கு, இணைப்பைச் சோதித்த பிறகே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஒழுங்கை 2009 ஜூனுக்கு முன் யாராவது வெளியிட்டிருக்கிறார்களா என்று, ரிமோட்டில் அணைக்கக்கூடிய பவர் ஸ்ட்ரிப்களின் பழைய கையேடுகளையும் கிளஸ்டர் ஃபெயிலோவர் (ஒரு கணினி விழுந்தால் இன்னொன்று வேலையை ஏற்பது) கையேடுகளையும் எடுத்துவைத்துக்கொண்டு புதிதாகத் தேட வேண்டும்.